கதையில் மூழ்கிய படகு

பிப்ரவரி 4
தீவுக்கு வந்து ஒரு வாரமாகியும் கப்பல் ஆட்டம் வயிற்றைவிட்டுப் போகவில்லை. மறைந்த அண்ணனின் புத்தகங்களைத் தூசி தட்டிப் பெட்டிகளில் அடுக்குகிறேன். கடலைப் பற்றி எழுதியே புகழ்பெற்றவர். வாசலில் இன்னும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள்.

காலையில் ஒரு படகுக்காரர் வந்தார். இடுப்பில் மீன் வெட்டும் கத்தி. "பெரியவரோட தம்பியா?" என்றார். தலையாட்டினேன். முறைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 5
இன்றும் வந்தார். குளியலறையில் ஒளிந்துகொண்டேன். இந்த வயதில்!

பிப்ரவரி 7
அந்தப் படகுக்காரரைப் பற்றி அண்ணியிடம் கேட்டேன். சிரித்தார்.

"உங்கண்ணன் நாவல்ல பச்சைப் படகு மூழ்கி அத்தனை பேரும் சாவாங்கல்ல, தம்பி? அது இவன் படகுதான். ஆளுங்க பேரை மாத்தினவருக்கு படகு நிறத்தை மாத்தத் தோணலை. இவன் நீலம் அடிச்சுப் பார்த்தான். அடியில பச்சைன்னு ஊருக்கே தெரியுமே!"

நாவல் வந்தபின் அதில் ஏற ஆளில்லையாம். ஒற்றை ஆளாக வலை இழுக்க முடியுமா? படகு மணலில் கிடக்கிறது.

அப்படியானால் அந்தக் கத்தி — எனக்கா? அண்ணன் போய்விட்டார். மிச்சம் நான்தானே?

பிப்ரவரி 8
கரையோரத் தெருவில் மடக்கிவிட்டார்.

"அடுத்த தடவை அச்சடிக்கும்போது எங்களைக் கரை சேர்த்துடுங்க, சின்னவரே."

"அண்ணன் எழுத்தை நான் எப்படி மாத்துறது?" என்றேன்.

கத்தியை உருவினார். செத்தேன் என்று நினைத்தேன். கையிலிருந்த கயிற்றின் முடிச்சை அறுத்தார்.

"அப்போ என் படகுல ஒரு சுத்து வாங்க. நாளான்னைக்குக் கப்பல் வரும்போது ஊரே கரையில நிக்கும். எழுதினவர் தம்பியே ஏறினா மத்தவங்களும் ஏறுவாங்க. இல்லைன்னா விறகுக்கு உடைச்சுடுவேன்."

நீச்சல் தெரியாது என்றேன். "எனக்கு மட்டும் தெரியும்னு யார் சொன்னா?" என்றார். கேலியா? நிஜமா?

பிப்ரவரி 9
அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். படித்திருக்கக் கூடாது. பலகை பிளக்கும் சத்தம் காதிலேயே நிற்கிறது. நாளை கப்பலில் ஊருக்குக் கிளம்பிவிடுவேன். பெட்டி கட்டியாயிற்று.

அண்ணி தடுக்கவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்கண்ணனே அதுல ஏறினதில்லை. எந்தப் படகுலயும்தான். கரையில நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதினாரு. பயம், தம்பி."

அண்ணனுக்கா? அவரோடு ஒப்பிட்டல்லவா வாழ்நாள் முழுக்க என்னைக் கோழை என்று நினைத்தேன்?

பிப்ரவரி 10
ஏறினேன். பலகையை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு. ஒவ்வோர் அலையும் அண்ணன் எழுதியதுபோலவே வந்து அறைந்தது. வாந்தி. கரையில் சிரித்தார்கள்.

"கண்ணைத் தொறங்க சின்னவரே, எல்லாரும் பார்க்கறாங்க."

திறந்தேன். நாங்கள் திரும்புவதற்குள் கப்பல் போய்விட்டது.

பிப்ரவரி 14
மணலில் படகைக் காணோம். உடைத்தே விட்டாரோ என்று பதறினேன். அண்ணி தூரத்தில் காட்டினார்: நீலப் புள்ளி. படகுக்காரரோடு இன்னும் இரண்டு பேர் போயிருக்கிறார்களாம்.

மதியத்துக்குமேல் மேகம் கருக்கிறது; படகு இன்னும் திரும்பவில்லை. அண்ணனின் நாற்காலியைக் கரையில் கொண்டுபோய்ப் போட்டேன். உட்கார முடியவில்லை.