கழுத்து விட்ட டிரெய்லர்

மார்ச் 4, செவ்வாய்

என் நாற்காலி வாடகைத் தொழிலின் பழைய டிரெய்லர் வாசலில் மூக்கு குத்திக் கிடக்கிறது. சனிக்கிழமை பாலத்து இறக்கத்தில் கழுத்து (வண்டியோடு மாட்டும் நீளச் சட்டம்) விட்டுப்போய்த் தனியாக உருண்டிருக்கிறது. சைக்கிளில் வந்த ஓர் அம்மா கீழே குதித்துத் தப்பினாராம். ஓட்டியது மச்சினன். மெதுவாகத்தான் போனானாம். அவனுடைய மெதுவை எனக்குத் தெரியாதா? இனி என் வண்டியைத் தொடாதே என்றேன். அவன் வருவதில்லை. அவன் அக்கா என்னோடு பேசுவதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 6

முதல் வெல்டர். ஆளைவிடக் கடைப்பலகை பெரிது. குனிந்துகூடப் பார்க்கவில்லை, இடுப்பு வளையாதோ என்னவோ. காலால் ஒரு தட்டு தட்டி, அரை மணி நேர வேலை என்றார். துரு? பெயின்ட் அடித்தால் தெரியாதாம். தெரியாதுதான். அடுத்த இறக்கத்தில் தெரியும்.

மார்ச் 7

இரண்டாமவர் கப்பலே ஒட்டியவராம். ஒரு மணி நேரம் கப்பல் கதை. கடைசியில், இந்தச் சில்லறை வேலைக்கெல்லாம் தான் வருவதில்லையாம். காது வலித்ததுதான் மிச்சம்.

மார்ச் 8

பேசாமல் நானே ஒட்டிவிடலாம். போன வருடம் ஒட்டவில்லையா?

மார்ச் 10

மூன்றாவது வெல்டர் ஒரு பெண். லாரிப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வேறு ஆள் இல்லாமல்தான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பேச்சே இல்லை. சாக்கு விரித்து அடியில் படுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கேட்டார்.

"யாருங்க இதை ஒட்டினது? காக்கா எச்சம் மாதிரி மேலாக்க அப்பியிருக்கு. உள்ளே பிடிக்கவே இல்லை. எவ்வளவு மெதுவா ஓட்டினாலும் இது விட்டுத்தான் போயிருக்கும்."

யாரோ பழைய வெல்டர் என்றேன். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 11

நானும் அடியில் படுத்துப் பார்த்தேன். நான் ஒட்டிய இடம் நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. ஊர்ல இருக்கிற வெல்டரையெல்லாம் வாய் கிழியப் பேசினியே, நீ என்னடா கிழிச்சே? அந்தம்மா குதிக்காம இருந்திருந்தா?

மார்ச் 13

வேலையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். ஒட்டியது நான்தான் என்றும் சொன்னேன். "தெரியும். யாருன்னு நான் கேட்டப்போ உங்க வீட்டம்மா உங்களைத்தானே பார்த்தாங்க" என்றார். பழைய கழுத்தை முழுசாக அறுத்துப் புதுசு வைக்க வேண்டுமாம். தலையாட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

மச்சினன் வீடு. உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அந்தம்மா வீட்டைத் தேடிப் போயி, என் தப்புன்னு மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன் அத்தான்."

அந்த வீட்டைக் காட்டு என்று மட்டும் கேட்டேன். கூட்டிப் போனான். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அந்தப் பச்சைக் கதவு, இது உங்க வேலை என்றான். தனியாகத்தான் போனேன். அந்த அம்மா கட்டுப் போட்ட முழங்காலோடு வந்து கதவைத் திறந்தார்.

வெளியே வர வெகுநேரமாயிற்று. அவன் போகாமல் காத்திருந்தான்.