நடுச்சுவரில் ஒரு சந்து

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மஞ்சள் சட்டைக்காரர்கள் நாலு பேர் வந்து ரோட்டை அளந்தார்கள். முக்காலி மேல் ஒரு கருவி, சுண்ணாம்புக் கோடு, கையில் சுருட்டிய காகிதம். ஒருவன் நம் கட்டிடச் சுவரில் சிவப்பு மையால் என்னவோ எண் எழுதினான். எதற்கு என்று கேட்டேன். "ரோட்டை அகலப்படுத்தறோம் கிழவி, தள்ளி நில்லு" என்றான். இடது புருவத்தில் தழும்பு. மறக்க மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பேத்தி படித்துச் சொன்னாள். போக மூன்று தடம், வர மூன்று தடம் இருக்கிற ரோடு நாலு நாலாகப் போகிறது. விபத்து குறைய வேண்டுமாம், வண்டிகள் நிற்காமல் ஓட வேண்டுமாம். நம் வீட்டுக்கு நேரே நடுச்சுவரில் ஒரு சந்து இருக்கிறதே, வண்டிகள் திரும்புவதும் ஆட்கள் குறுக்கே ஓடுவதும் அதில்தானே - அதை மூடுவதா, சிக்னல் போடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

மூடட்டும். பதினோரு வருஷமாக நான் கேட்பது அதைத்தான். அந்தச் சந்தில்தான் என் வீட்டுக்காரர் அடிபட்டுப் போனார்.

எதிர்ப்பக்கத்து மாடியில் தங்கச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஜன்னலில் கண்டதும் பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். பதினோரு வருஷமாக இதே கதை. போகட்டும். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது, உடனே வாங்க மாமா என்று அவள் போன் பண்ணியதால்தானே அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்? இந்த ஊரில் வேறு பிளம்பரே இல்லையா?

மார்ச் 11, புதன்

ரோட்டு ஆபீஸிலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள். என் நோட்டைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் போன நாளிலிருந்து அந்தச் சந்தில் நடப்பதை ஜன்னலில் உட்கார்ந்து எழுதி வருகிறேன். நாள், மணி, வண்டியின் நிறம், அடிபட்டவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்தான், கணக்கு கோணல் இல்லை.

"ஸ்டேஷன் ரிஜிஸ்டர்ல நாலுதான்மா இருக்கு" என்றாள்.

"என்கிட்ட அறுபத்து மூணு இருக்கு. முட்டி பேந்தவனும் கை ஒடிஞ்சவனும் ஸ்டேஷனுக்கா போறான்? நடுரோட்டுல நின்னு கத்திட்டு, தூசியைத் தட்டிட்டு வீட்டுக்குப் போறான்."

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "எந்தப் பக்கம் பார்த்தாங்கன்னு எதுக்கும்மா எழுதுனீங்க? எங்க ஆளுங்களுக்கே தோணலையே."

"எனக்குத் தோணுச்சு."

மார்ச் 13, வெள்ளி

கீழே டயர்க்கடைக்காரனோடு சண்டை. "உன் நோட்டைக் காட்டிச் சந்தை மூடிட்டா எதிர்ப்பக்கத்து வண்டி ரெண்டு கிலோமீட்டர் சுத்தி வரணும். என் பொழப்புல மண்ணைப் போடறியே" என்று கத்தினான்.

"எங்க வீட்டுக்காரர் ரோட்டுல கிடந்தப்போ போர்த்த ஒரு சாக்கு கேட்டேன். புதுசாச்சேன்னு யோசிச்சே பாரு, அது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

உள்ளே போய்விட்டான். என் மனசில் ஒருத்தன் விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

மார்ச் 20, வெள்ளி

இன்ஜினியர் பெண் மறுபடி வந்தாள். நோட்டில் உள்ளதை எல்லாம் தன் ஆபீஸ் படிவத்தில் எழுதிக்கொண்டாள். பேத்தி என் கோணல் எழுத்தைப் படித்துச் சொன்னாள். முடிந்ததும் அந்தப் பெண் முதல் பக்கத்தைத் திருப்பி வைத்தாள்.

"எல்லாத்துக்கும் எழுதியிருக்கீங்க. இது ஒண்ணுல மட்டும் இடம் காலியா இருக்கேம்மா. இவர் எந்தப் பக்கம் பார்த்தார்?"

"ஞாபகம் இல்லை."

பேத்தி சிரித்துவிட்டாள். "உனக்கா பாட்டி? நான் ஒண்ணாம் கிளாஸ்ல எந்தக் கிழமை வாந்தி எடுத்தேன்னு சொல்றவ நீ!"

அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 21, சனி

விபத்து நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த டைரியிலாவது.

மத்தியானம் மூன்று மணி. அவர் இந்தப் பக்கத்து மூன்று தடத்தையும் தாண்டி, தோளில் பையோடு சந்தில் நின்றார். நான் சமையலறை ஜன்னலில் இருந்தேன். பார்த்தால் குழாய் முடுக்குகிற பெரிய பைப் ரெஞ்ச் ஜன்னல் திட்டிலேயே கிடக்கிறது. அது இல்லாமல் போய் என்ன வேலை செய்வார்? "ஏங்க!" என்று கூப்பிட்டேன். அவ்வளவு இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? அவருக்குக் கேட்டது. முப்பத்தெட்டு வருஷம் கேட்ட குரல். திரும்பினார். ரெஞ்சைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தார். என்னைப் பார்த்தபடியே ஒரு காலை அடுத்த தடத்தில் வைத்தார் -

வெள்ளை வேன்.

எதிர் மாடியில் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். மாமா வருகிறாரா என்று பார்க்கத்தான் நின்றாள். எல்லாவற்றையும் பார்த்தாள். போலீஸ் கேட்டபோது, "வேன் வேகமா வந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். இழவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் நான் அவளைப் பார்த்து, "ஒரு குழாய்க்காக என் தாலியைப் பறிச்சிட்டியேடி, இனி என் மூஞ்சியிலே முழிக்காதே" என்று கத்தினேன். "நீதானேக்கா கூப்பிட்டே" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

மூஞ்சியில் முழிக்காதே என்றேனே. அதைத்தானே இன்று வரை செய்கிறாள்.

மார்ச் 25, புதன்

இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். "அந்தக் காலி இடத்துல எழுதிக்கோம்மா. பின்பக்கம். வீட்டைப் பார்த்து."

"நோட்டுல இன்னும் இருபத்தோரு பேர் அப்படித்தான்மா. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தவங்க" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள் போலிருக்கிறது. ஒரு ஆறுதலும் இல்லை. அந்த இருபத்தோரு பேரையும் நான்தானே எழுதி வைத்தேன்! எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 19, ஞாயிறு

முடிவாகிவிட்டது. சந்தை மூடுகிறார்கள். சிக்னல் வைத்தால் வண்டிகள் தேங்குமாம். கொஞ்ச தூரம் தள்ளி நடைமேம்பாலம். லிப்ட் பிறகு வரும்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் முட்டிக்குப் படி ஏதும் ஆகாது. தங்கச்சிக்கு இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறது என்று கேள்வி. மூடுவதற்குள் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிட வேண்டும். இதைப் போனில் சொல்ல முடியுமா?

ஏப்ரல் 26, ஞாயிறு

முட்டி வீக்கம். அடுத்த வாரம் போகலாம்.

மே 2, சனி

செருப்பை மாட்டிக்கொண்டு பேத்தியைப் பிடித்தபடி சந்து வரைக்கும் போனேன். அவர் நின்ற அதே இடம். இன்னும் மூன்று தடம்தான் பாக்கி. எதிர் மாடியில் அவள் தெரிந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

அவ்வளவுதான், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தப்பு என்னுடையது, ரோஷமும் என்னுடையதா? "வா, திரும்பிப் போலாம்" என்றேன். பேத்தி, "உனக்கு என்னதான் வேணும் பாட்டி?" என்று அலுத்துக்கொண்டாள்.

மே 7, வியாழன்

கிரேன் வந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு கான்கிரீட் துண்டுகள். புருவத் தழும்புக்காரன்தான் கை காட்டி இறக்கினான். நாற்பது நிமிஷம். பதினோரு வருஷம் போட்ட சண்டைக்கு நாற்பது நிமிஷம்.

பிறகு வண்டிகள் நிற்கவே இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

ரோடு நாலு நாலு தடமாகிவிட்டது, நடைமேம்பாலத்தையும் திறந்துவிட்டார்கள். ஏறும்போது ஐம்பத்திரண்டு படி, பேத்தி எண்ணி வந்தாள். லிப்ட் வைக்க வேண்டிய இடத்தில் தகரம் அடித்திருக்கிறார்கள்.

பாத்திர அலமாரிக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருந்த பைப் ரெஞ்சை எடுத்துப் பேத்தி கையில் கொடுத்தேன். "சின்னப் பாட்டிகிட்ட குடு. தாத்தா அன்னைக்கு மறந்துட்டுப் போனது, பாட்டிதான் ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாள்னு சொல்லு." பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரெஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. அப்புறம், எனக்குத் தெரியும்னு சொல்லு, அன்னைக்கே தெரியும்னு சொல்லுன்னாங்க."

"வரேன்னு சொன்னாளா?"

"இல்லை பாட்டி."

"என்னை வரச் சொன்னாளா?"

"இல்லை."

ஜூன் 16, செவ்வாய்

விபத்து நோட்டில் இன்றைக்கும் எழுத ஒன்றும் இல்லை. மே ஏழிலிருந்தே இல்லை.

சாயங்காலம் அவள் துணி எடுக்க மாடிக்கு வந்தாள். நாலு நாலு தடத்திலும் வண்டிகள் பறந்தன. நான் கூப்பிடவில்லை. கையை மட்டும் தூக்கினேன்.

அவள் கையைத் தூக்கவில்லை. ஆனால் உள்ளே போகவில்லை. துணி முழுவதையும் எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.