நீ கேட்ட மூட்டுவலிப் பொடி

அக்கா,

நீ கேட்ட பொடியை நான் அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பொட்டலம் கட்டி, உன் விலாசமும் எழுதி, மேசைமேல் வைத்திருந்தேன்.

இவர் போனில் உன்னிடம் பெருமையடித்தது பொய்யில்லை. ஒரே மாதத்தில் மாடிப்படி ஏறினார். எதிர்வீட்டுத் தையல்காரரையும் பொடி கொடுத்த அந்த வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இவர் சீந்தவேயில்லை. நான்தான் தினமும் ஒன்றை நுணுக்கி, வெந்நீரில் பொடி கரைக்கும்போது சேர்த்துக் கலக்கிக் கொடுத்தேன்.

போன வாரம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெடத் தொடங்கியிருப்பதற்கான அறிகுறி தெரிந்தது.

"என்னென்ன சாப்பிடுறீங்க?" என்றார் டாக்டர்.

"பொடி மட்டும்தாங்க. உங்க மாத்திரையைத் தொடவே இல்ல."

"அப்போ பொடியை நிறுத்துங்க."

நான் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொடி நின்றதும் மாத்திரையைக் கலக்க வழியில்லை. அதுவும் நின்றது. நாலே நாளில் வலி திரும்பிவிட்டது. "பாத்தியா, பொடிதான் கேட்டிருக்கு" என்கிறார். எது குணமாக்கியது, எது ஈரலைக் கெடுத்தது, இரண்டும் சேர்ந்ததுதான் வினையா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால் முதலில் நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

இன்று காலை உன் விலாசம் எழுதிய பொட்டலம் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் ஈரக் கரண்டி.

எனக்குத் தெரியாமல் எப்படிச் சாப்பிடலாம் என்று கேட்க வாயெடுத்தேன், அக்கா. கேட்க முடியவில்லை.

உன் தங்கை