திறக்காத மூடி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கருத்தரங்கு நடக்கும் ஊரில் நல்ல அறை கிடைத்ததா? நம் வீட்டில் அத்தான் சமைக்கிறார். மற்றபடி எல்லோரும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

விண்கல்லை உடைத்த அன்று, அறைக் காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் கல்தூள் போடாத ஒரு கிருமி வளர்ப்புத் தட்டைத் திறந்து வைக்க வேண்டுமல்லவா? நான் திறக்கவில்லை. மூடியைத் துடைத்தேன், சீட்டு ஒட்டினேன், திறக்க மறந்துவிட்டேன். சுற்றிய நாடா அறுபடாமல் இருப்பதைப் போன மாதம்தான் கவனித்தேன். அந்தத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்பதால்தானே, கல்தூளில் முளைத்த உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினாய்?

அதே அறையில் வேறொரு தட்டைத் திறந்து வைத்துப் பார்த்தேன். அதே உயிர் அதிலும் முளைத்திருக்கிறது. அக்கா, அது நம் அறைக் கிருமி. அடுத்த வெள்ளிக்கிழமை மேடையில் அறிவித்துவிடாதே.

உன் மக்குத் தம்பி

மார்ச் 6

மக்குத் தம்பிக்கு,

அத்தான் சமையலைச் சாப்பிட்டால் இப்படியெல்லாம்தான் தோன்றும். பத்தொன்பது வருஷமாகக் கல்லை அரைத்துக்கொண்டிருக்கிறேன். "படிப்பு ஏறல சார், ஆனா கை சுத்தம், நான் பொறுப்பு"ன்னு ஆய்வக இயக்குநரிடம் மன்றாடி உன்னை வேலைக்குச் சேர்த்தவள் நான். என் தலையிலேயே கல்லைப் போடாதே.

வெள்ளிக்கிழமை பேசி முடித்துவிடுகிறேன். வந்ததும் இருவருமாக மறுபடி சோதிப்போம். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

உலகத்துக்கே சொல்லிவிட்டு அப்புறம் இல்லை என்றால் உனக்குத்தான் கேவலம். இரண்டு தட்டுகளையும் இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன். "அக்காகிட்ட சொன்னியா?" என்றார். "சொல்லிட்டேன் சார்" என்றேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கண்டபடி திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

என் பேச்சை ரத்து செய்துவிட்டார்கள். மேடையிலிருந்து என் பெயர் அட்டையை எடுத்த பெண் "சாரி மேடம்" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நீ செய்தது சரி. வேறு யாராவது செய்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பாராட்டியிருப்பேன். உன்னைப் பாராட்ட முடியவில்லை. சரி என்று தெரிந்துகொண்டே உன்மேல் கோபப்படுகிறேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஞாயிறு வருகிறேன். அதற்குள் உன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள். எங்கே இருக்கிறாய் என்பதை அத்தானிடம் சொல்லிவிட்டுப் போ. எனக்கு எழுதாதே.

அக்கா