சபிக்க வேண்டிய பெயர்

தோத் மாதம் 11
செரேனோஸ் சாமியின் பிரசங்கத்தை இன்று படியெடுத்தேன். வெட்டி எறியும் பாப்பிரஸ் தாள் ஓரங்களில்தான் இதை எழுதுகிறேன். நரக நெருப்பும் ஒருநாள் அணையும், கடைசியில் கடவுள் ஒருவரையும் வெளியே நிறுத்த மாட்டார் என்கிறார். எழுதும்போது பயமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அது தப்பா?

ரொட்டிக் கடையில் அதற்குள் இதே பேச்சு. "நெருப்பு அணைஞ்சுருமாம்ல! அப்ப எம் மாமியாளும் மோட்சத்துக்கு வந்துருவாளா? எனக்கு அந்த மோட்சமே வேணாம் தாயி" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும், முக்காட்டுக்குள்.

தோத் 19
சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிரசங்கத்துக்காக ஆயர், செரேனோஸ் சாமியைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார். அவரோடு சாப்பிடக் கூடாது, பேசக் கூடாது, அவருக்காக எழுதக் கூடாது. நாங்கள் படியெடுத்ததை எல்லாம் கோயில் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். "இதுதாண்டா அணையாத நெருப்பு!" என்று ஒருவன் கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது.

தோத் 20
வேலை இல்லை.

பாவோபி 2
ஞாயிறு. பூசை முடிந்ததும் படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு ஆசீர்வதித்த அப்பம் வரும். கால்வாயில் நின்று துணி வெளுத்துக் கால் வீங்கி அம்மா படுத்ததிலிருந்து எங்களுக்கும் வந்துகொண்டிருந்தது. இன்று திருத்தொண்டர் ஹெரோன் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஓடிப்போய்க் கேட்டேன். கேட்டேன் என்றால் — பின்னால் போய் நின்றேன். அவரே திரும்பினார்.

"நீ அந்த ஆள்கிட்ட எழுதுனவதான? சபைக்கு முன்னால நின்னு அவரு பேரைச் சொல்லிச் சபி. அப்பம் வரும். இல்லாட்டி ஒங்கம்மாவுக்கு அப்பமும் கெடையாது, செத்தா ஜெபமும் கெடையாது."

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எங்க குடும்பத்துலயே எழுத்துப் படிச்சவ எம் மகதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீயும் துணி வெளுக்க வந்திருந்தா, சாகுறப்ப எனக்கு அந்த அப்பமாவது கெடைச்சிருக்கும்டி."

ஒருவரையும் வெளியே நிறுத்த மாட்டார் என்று நான் எழுதினேனே, அது இவளையும் சேர்த்துத்தான். எப்படிச் சொல்வது?

பாவோபி 7
சாமியைத் துறைமுகக் காவலறையில் வைத்திருக்கிறார்கள். பாலைவனச் சோலைக்கு நாடு கடத்தப் போகிறார்களாம். கம்பிக்கு வெளியே நின்று, ஹெரோன் கேட்டதை எப்படியோ சொல்லி முடித்தேன்.

"சபிச்சுடு தயேசி. அம்மா பாவம். எம் பேருக்கு இனிமே என்ன கெட்டுடப் போகுது?" என்றார். பிறகு சிரித்தார். "கொஞ்சம் மெதுவா மட்டும் சொல்லு."

வழியெல்லாம் எனக்குக் கோபம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேனே!

பாவோபி 9
சொன்னேன்.

"கேக்கலை" என்றார் ஹெரோன். மறுபடி சொன்னேன். "சபைக்குக் கேக்கணும்." பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "பூனைக்குட்டி கத்துற மாதிரில்ல இருக்கு" என்றாள். சிரிப்பு. என் குரல் பிறந்ததிலிருந்து எதற்கும் எழும்பியதில்லை. சாப்பாடு வேண்டும் என்று கேட்கக்கூட எழும்பாது. கடைசியில் கத்தினேன். செரேனோஸ் சபிக்கப்பட்டவன், அவனோடு எனக்குப் பங்கில்லை. எழும்பிவிட்டது. வெளியே தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்பம் வந்தது. அம்மா பிட்டு என்னிடமும் நீட்டினாள்.

தின்றேன்.

கோயாக் 5
ஆயர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, என் கையெழுத்தின் அழகுக்காக. முதல் வேலை: செரேனோஸைச் சபித்து நதிக்கரை ஊர்களுக்கெல்லாம் போகும் சுற்றறிக்கை. மாலைக்குள் பழகிவிட்டது. கை அந்தப் பெயரைத் தானாகவே எழுதுகிறது.

மெக்கிர் 14
சாமி செத்துப்போய்விட்டார். சோலையில், காய்ச்சலில். படியெடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ யாரிடமோ சொன்னார்கள்.

பக்கோன் 3, புது ஆயரின் இரண்டாம் வருடம்
செரேனோஸ் சாமி பரிசுத்தவானாம். புது ஆயர் அறிவித்துவிட்டார். எலும்புகள் படகில் வந்தன. பெட்டியைத் தொட முண்டியடித்ததில் ரொட்டிக் கடைக்காரர் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பெட்டியைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வீங்கிய காலில் கட்டிக்கொண்டாள்.

"மகான்டி அவரு. அவர்கிட்ட எழுதுனவன்னு சொல்லேன், இன்னும் முன்னாடி விடுவாங்க."

பக்கோன் 10
சாமியின் சரித்திரத்தை எழுதச் சொல்லி உத்தரவு. சொல்பவர் ஹெரோன், எழுதுபவள் நான். பிறப்பு, உபவாசம், செய்த அற்புதங்கள். நெருப்பு அணையும் என்று அவர் சொன்னது எங்கும் இல்லை. நாடு கடத்திய இடம் வந்ததும் ஹெரோன் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"எழுதும்மா: அவரோடு இருந்தவர்களில் ஒருவரும் அவரை மறுதலிக்கவில்லை."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. நிஜமாகவே மறந்துவிட்டார் போல.

"என்னம்மா, மை தீந்துபோச்சா?"

"இல்லை" என்றேன்.

எழுதினேன். வரி கோணாமல் வந்திருக்கிறது.