ஃபரீனின் மஞ்சள் கை

ஃபரீனின் அத்தாவுக்கு,

ஆசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேச வாயெடுத்தால் அழுகைதான் வருகிறது, அதனால்தான் குவைத்துக்கு இந்தக் கடிதம். திருக்கோவிலூர் சம்பந்தம் வேண்டாமென்று நீங்கள் கோபமாக இருப்பது தெரியும். ஆனாலும் கடைசிவரை படியுங்கள்.

முதலில், நம் மகளுக்குக் காமாலை இல்லை. உங்கள் அக்கா போனில் ஊதியதை நம்பாதீர்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது அவருக்கென்றே சொன்னது.

கல்யாணத்துக்குள் முகம் பளபளக்க வேண்டுமென்று ஃபரீன் காலையில் கேரட் ஜூஸ், மத்தியானம் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் பரங்கிக்காய், ராத்திரி பப்பாளி என்று மாதக்கணக்கில் தின்று தீர்த்தாள். சொன்னால் கேட்கிற பெண்ணா? உங்கள் மகளாயிற்றே.

நிச்சயத்துக்கு மருதாணி வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நீட்டிய உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. எல்லார் காதும் கேட்க உங்கள் அக்கா காமாலையா என்று கேட்டுவிட்டார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை நவுஷாத்தின் அம்மாதான் எழுந்து வந்து ஃபரீன் பக்கத்தில் உட்கார்ந்தார். "காமாலைன்னா மருந்து குடுத்தா போவுது. அதுக்கோசரம் பொண்ண வுட்டுட்டுப் போவாங்களா? நீ வைம்மா" என்று மருதாணி வைக்கிற பெண்ணிடம் சொன்னார். பிறகு அவரே ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா ரத்தம் சோதித்தார், கண்ணைப் பார்த்தார், சிரித்தார். காமாலையென்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகுமாம். இது கேரட், பரங்கியின் நிறம்தானாம். உடம்பு அந்த நிறத்தை வேண்டிய மட்டும் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், கண்பார்வைக்கு அது வேண்டும், மிச்சம் தோலில் தங்கும் என்றார். கெடுதல் இல்லையாம், குறைத்தால் தானாகப் போய்விடுமாம். கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் உடம்பில் நன்றாகச் சேரும், அதற்காகக் கூடை கூடையாக வேண்டாம் என்றும் சொன்னார். வரும் வழியெல்லாம் சம்பந்தி அம்மா அவளைக் கேரட்டு என்று கூப்பிட்டுக் கேலி செய்தார். அவள் சிரிக்கச் சிரிக்க நான் அழுதேன்.

சைக்கிள் கடை வைத்திருப்பவர்கள் நமக்கு ஈடா என்று கேட்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்த வீட்டு மனசை என் கண்ணால் பார்த்துவிட்டேன். இப்படியொரு மாமியாரை நம் பிள்ளைக்குக் கொடுத்த அல்லாஹ்வுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.

நிக்காஹ்வில் உங்கள் இடத்தில் மகன் தௌசிப்பை உட்கார வைக்க எனக்கு மனசில்லை. உங்களிடம் ஃபரீன் கேட்கமாட்டாள், அவ்வளவு வீம்பு. அவளுக்கும் சேர்த்து நானே கேட்கிறேன், வந்துவிடுங்கள்.

உங்கள்
ஆசியா பீவி