பதினோரு மணி நேரம் எப்படி முப்பது ஆனது

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று உன் அப்பா சொல்கிறார், அதை உன் வாயால் ஒழுங்காகக் கேட்ட பிறகுதான் நம்புவதாக இருக்கிறேன். அக்கா குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடி போயே போச்சு. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நாளைக்கு வருகிறேன் என்ற பிளம்பர் கம்பி நீட்டிவிட்டார். அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை போனபோது பதினோரு மணி நேரம்தான் அம்மா, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் என்றாய். இப்போது லீவுக்கு வா என்றால் முப்பது மணி நேரம் ஆகும், நேர் விமானம் இல்லை, உடம்பு தாங்காது என்கிறாய். காலமெல்லாம் பஸ் ஓட்டிய உன் அப்பாவும், ஆமாம், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்துவான், டீ குடிக்க இறக்கிவிடுவான் என்று ஒத்து ஊதுகிறார். போன மாதம் கோட்டுக் கையைச் சுருக்க ஒரு பெண் என் தையல் கடைக்கு வந்தாள், விமான டிக்கெட் போடும் ஆபீஸில் வேலை. அளவெடுத்தபடியே பேச்சுவாக்கில் கேட்டேன். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஆன்ட்டி, தினமும் நேர் விமானம் இருக்கு, அதே பதினோரு மணி நேரம்தான் என்றாள். நடுவில் இருக்கிற கடல் அகலமாகிவிட்டதா, இல்லை உன் ஊர் விமான நிலையத்தை யாராவது தூக்கித் தள்ளி வைத்துவிட்டார்களா?

நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுப் பிழைப்பவள். ஒரே துணி இரண்டு தடவை இரண்டு அளவு காட்டினால், யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்தேன், அப்புறம் வேலை போய்விட்டதோ என்று நினைத்தேன். முன்பெல்லாம் வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தபடி பேசுவாய், எனக்குத் தலை சுற்றும். ஐந்து மாதமாக அதே நாற்காலி, அதே சுவர். இதற்கு நடுவில் உன் அப்பா, டிப்போ நண்பர் மகனுக்கு என்று ஒரு பேன்ட் தைக்கச் சொன்னார், இடது கால் மட்டும் மேலிருந்து கீழ்வரை திறந்து மூடுகிற மாதிரி வேண்டுமாம். அவர் சொன்ன இடுப்பும் உயரமும் உன்னுடையவை. யாரிடம் மறைக்கிறீர்களோ அவளிடமே தைக்கக் கொடுக்கிற புத்திசாலிகளை என்ன சொல்வது? ஒன்றும் தெரியாத மாதிரியே தைத்தேன். முடித்துக் கொடுத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாதி பயம், பாதி கோபம்.

காலுக்கு என்ன ஆனது என்று போனில் கேட்கமாட்டேன், அதற்கும் ஒரு கதை வைத்திருப்பாய். விசா வேலையை அக்கா பார்த்துக்கொண்டாள், டிக்கெட்டை அந்தப் பெண்ணே போட்டாள், வருகிற மாதம் முதல் சனிக்கிழமை வருகிறேன். உன் அப்பாவுக்கு இது தெரியாது, நீயும் உளறிவிடாதே. ஐந்து மாதம் என்னிடம் மறைத்தவனுக்கு மூன்று வாரம் அவரிடம் மறைப்பது பெரிய காரியமா? மருந்தை வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, ராத்திரி தனியாகக் குளியலறைக்குப் போகாதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது, நீயேதான் வர வேண்டும். நடந்து வா, கோல் ஊன்றி வா, சக்கர நாற்காலியில் வேண்டுமானாலும் வா. உன்னால் எழுந்திருக்க முடியாவிட்டால் என்ன, நான் குனிந்து கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உன் அம்மா